பின்பால் பலகையைத் திருப்பிப் போட்டு வேலை செய்ய வீட்டிலேயே ஒரு சுழலும் ஸ்டாண்டு

1980-இல் வில்லியம்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஃபயர்பவர் பின்பால் இயந்திரம் (சாய்ந்த பலகையில் எஃகுப் பந்தை அடித்து ஆடும் விளையாட்டுப் பெட்டி) ஒன்றை வாங்கியிருப்பதாகவும், அதன் பிளேஃபீல்டை வெளியே எடுத்து இரண்டு பக்கமும் சரிசெய்யப் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கடையில் கிடைக்கும் சுழலும் ஸ்டாண்டின் விலை கட்டுப்படியாகவில்லை, டூ-பை-ஃபோர் (பெயரளவில் 2×4 அங்குல) மரமும் இரும்புப் பைப்பும் வைத்து நானே செய்தால் எடை தாங்குமா என்பது உங்கள் கேள்வி. எடை தாங்கும், அதில் சந்தேகமே வேண்டாம். உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது வேறு இரண்டு விஷயங்கள் என்று நினைக்கிறேன். பலகையைப் பாதி திருப்பும்போது அது கையை மீறிச் சுழன்றுவிடாமல் இருக்குமா? ஸ்டாண்டின் பிடியால் பலகைக்கே கேடு வராமல் இருக்குமா? வீட்டில் செய்யும் ஸ்டாண்டுகளில் நான் பார்க்கிற கோளாறு எல்லாம் இந்த இரண்டில்தான். அமெரிக்காவில் பழைய விளையாட்டு இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் பல வருடங்களாக இருப்பவன் என்ற முறையில், அந்த இரண்டையும் மையமாக வைத்துப் பதில் சொல்கிறேன்.

இந்த ஸ்டாண்டு எதற்கு என்று படிக்கிற மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. பிளேஃபீல்டு என்பது பந்து உருளும் பலகை. அரை அங்குலத்தை ஒட்டிய பருமனுள்ள பிளைவுட். மேல் பக்கம் ஓவியம், பிளாஸ்டிக் துண்டுகள், ரப்பர் வளையங்கள், கம்பங்கள். கீழ்ப் பக்கம் காயில்கள் (பாகங்களை இயக்கும் மின்காந்தச் சுருள்கள்), சுவிட்சுகள், விளக்கு சாக்கெட்டுகள், அவற்றை இணைக்கும் நூற்றுக்கணக்கான சால்டர் முனைகள். பெட்டிக்குள் இருக்கும்போது ஒரு கம்பியை முட்டுக்கொடுத்துப் பலகையைத் தூக்கிச் சாய்க்கலாம், அவ்வளவுதான். மேசையில் கவிழ்த்து வைத்தால் மேலே உள்ள பிளாஸ்டிக் நசுங்கும், நிமிர்த்தி வைத்தால் கீழே உள்ள சுவிட்சுகள் வளையும். அதனால்தான் பலகையை இரண்டு முனையிலும் பிடித்து நீளவாட்டில் சுழல விடும் ஸ்டாண்டு. கார் பாடியைத் திருப்பிப் போட்டு வெல்டிங் செய்யும் ஸ்டாண்டும் இதே வகைதான். அமெரிக்காவில் இரண்டுக்கும் ரொட்டிசெரி என்றே பெயர்.

முதலில் அளவுகள். வழக்கமான பிளேஃபீல்டின் அகலம் 20¼ அங்குலம். நீளம் காலத்துக்கும் கம்பெனிக்கும் தகுந்தபடி மாறும், 42 முதல் 46 அங்குலம் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுடையதை நீங்களே டேப் வைத்து அளந்துகொள்வதுதான் சரி. பின்னாளில் அகலமான இயந்திரம் வாங்கும் எண்ணம் இருந்தால் இப்போதே இடம் விட்டுச் செய்யுங்கள். 1993-இல் வந்த ட்விலைட் ஸோன் 23 அங்குலத்துக்குச் சற்று மேல். 1979-இல் வந்த பேலியின் பாரகான் போன்றவை 27 அங்குலத்தை ஒட்டி வரும். பாகங்கள் எல்லாம் பூட்டிய நிலையில் எடை 15 முதல் 25 கிலோ வரை இருக்கும் என்று கணக்கிட்டால் போதும். உங்கள் இயந்திரத்தில் பந்து ஏறிச்செல்லும் பிளாஸ்டிக் ராம்ப் எதுவும் கிடையாது, ஆகவே மிக கனமான வகை ஆகாது. சுழலும்போது எவ்வளவு இடம் வேண்டும் என்பதும் எளிய கணக்கு. பாதி அகலம் 10 அங்குலம், கீழே காயில்கள் 5 அல்லது 6 அங்குலம் தொங்கும், மூலைவிட்டம் போட்டால் ஏறக்குறைய 12 அங்குலம், அதாவது 30 சென்டிமீட்டர். சுற்றிவர 40 சென்டிமீட்டர் விட்டால் அகலமான பலகையும் தட்டாமல் சுழலும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பெரும்பாலோர் சுழலும் அச்சைப் பலகையின் மரத்துக்கு நேராகவே வைத்துவிடுகிறார்கள். வெற்றுப் பலகைக்கு அது சரி. பாகங்கள் பூட்டிய பலகையின் எடை மையம் மரத்தில் இருக்காது, காயில்களின் எடை இழுப்பதால் மரத்துக்குக் கீழே போய்விடும். மேல் பக்கம் நிமிர்ந்திருக்கும்போது இது தெரியவே தெரியாது. எடை கீழே தொங்குவதால் பலகை சமர்த்தாக நிற்கும். திருப்பத் தொடங்கியதும் எதிர்க்கும். பாதியைத் தாண்டி, கீழ்ப் பக்கம் மேலே வந்தபின், எடை முழுக்க அச்சுக்கு மேலே ஏறி உட்கார்ந்திருக்கும். அந்த நிலையில் பூட்டு லேசாக நழுவினாலும் பலகை தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிச் சுழலும். அப்போது உங்கள் கையில் சூடான சால்டரிங் அயர்ன் இருக்கும்.

எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி தேவையில்லை, பயணப்பெட்டியை எடைபோடும் சின்னக் கொக்கித் தராசு போதும். அச்சு மரத்துக்கு நேராக இருக்கும்படி பலகையைப் பூட்டி, செங்குத்தாக நிற்கும் வரை திருப்புங்கள், அதாவது ஒரு நீள ஓரம் மேலேயும் மற்றது கீழேயும். இப்போது பலகை காயில்கள் உள்ள பக்கம் சாயப் பார்க்கும். மேல் ஓரத்தில் தராசைக் கொக்கியிட்டு, எதிர்ப்பக்கம் படுகிடையாக இழுத்து, பலகை அசையாமல் நிற்க எத்தனை கிலோ இழுப்பு வேண்டும் என்று பாருங்கள். அந்த எண்ணைப் பாதி அகலத்தால் பெருக்கி, பலகையின் மொத்த எடையால் வகுத்தால் எடை மையம் அச்சிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பது கிடைக்கும். உதாரணமாக, பலகை 18 கிலோ, இழுப்பு 3 கிலோ, பாதி அகலம் 25.7 சென்டிமீட்டர் என்றால், விலகல் 4.3 சென்டிமீட்டர். அந்த அளவுக்கு மரத்தை அச்சுக்கு மேலே ஏற்றிப் பூட்டினால், அச்சு காயில்களுக்கு நடுவே போகும், பலகை எந்தக் கோணத்தில் விட்டாலும் ஏறக்குறைய அங்கேயே நிற்கும். இதே போல அகலவாட்டிலும் ஒரு பக்கம் எடை கூடியிருக்கலாம். பலகையைக் கிடையாக வைத்து விட்டுப்பார்த்தால் எந்த ஓரம் தாழ்கிறது என்று தெரிந்துவிடும், பலகையை அதற்கு எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் நகர்த்திப் பூட்டினால் சரியாகிவிடும்.

ஆகவே அச்சோடு பலகையைச் சேர்க்கும் தகட்டில் மேலும் கீழும் நகர்த்த ஒரு நீள்துளையும், பக்கவாட்டில் நகர்த்த இன்னொன்றும் கட்டாயம் வேண்டும். மேல்-கீழ் நகர்வு பூஜ்ஜியத்திலிருந்து 7 சென்டிமீட்டர் வரை இருக்கட்டும். ஏனென்றால் நீங்கள் பாகங்களைக் கழற்றக் கழற்ற எடை மையம் மரத்தை நோக்கித் திரும்பி வரும். பந்தை அடிக்கும் ஃபிளிப்பர்களின் அடித்தகடுகளைக் கழற்றிய அன்றே வித்தியாசம் கையில் தெரியும். அவ்வப்போது மறுபடி சரிசெய்துகொள்ளவேண்டும். வயர் கட்டை மறந்துவிடாதீர்கள். பெட்டியிலிருந்து கழற்றிய கனெக்டர்களோடு அது தொங்கினால் அதுவே ஒரு எடை, தவிர சுழலும்போது எதிலாவது மாட்டி இழுக்கும். அதைச் சுருட்டி அச்சுக்குப் பக்கத்தில், பலகையைப் பிடிக்கும் சட்டத்தோடு கட்டிய பிறகுதான் இந்த அளவை எடுக்கவேண்டும்.

இரண்டாவது விஷயம், பிடி. பலகையின் இரு முனைகளையும் கிளாம்ப் போட்டு நேரே அச்சில் மாட்டினால், பலகையே அந்த ஸ்டாண்டின் முதுகெலும்பாக வேலை செய்கிறது. ஒரு முனையில் பூட்டி, மறுமுனையில் நீங்கள் ஸ்குரூடிரைவரை அழுத்தினால் பலகை முறுக்கிக்கொள்ளும். நாற்பது வருடத்துக்கும் மேலான பிளைவுட், பசை எங்கே விட்டிருக்கிறது என்று வெளியே தெரியாது. ஓவியத்தின் மேல் இருக்கும் பழைய லாக்கரில் ஏற்கெனவே மயிரிழை வெடிப்புகள் இருக்கும். முறுக்கு அதற்கு ஆகாது. பலகையைச் சுற்றி ஓர் இரும்புச் சட்டம் போட்டு, அச்சை அந்தச் சட்டத்தில் மாட்டுவதுதான் இதற்கு வழி. கிளாம்ப் மட்டும் போட்டுக் காலம் முழுக்க வேலை செய்து எந்தச் சேதமும் காணாதவர்கள் இருக்கிறார்கள், அதையும் சொல்லிவிடவேண்டும். சட்டம் இல்லாவிட்டால் பலகை கெட்டே தீரும் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் சட்டத்துக்கு ஆகும் கூடுதல் செலவு மிகக் குறைவு, புதிய பிளேஃபீல்டு வாங்கும் செலவு அப்படி இல்லை. நான் சட்டம் இல்லாமல் செய்யச் சொல்லி யாருக்கும் யோசனை கூறுவதில்லை.

சட்டத்துக்கு நான் சொல்வது, கடைகளில் ரேக் அடிக்கப் பயன்படுத்தும், நெடுக ஓட்டை போட்ட இரும்பு ஆங்கிள். நீளத்துக்கு இரண்டு, குறுக்கே இரண்டு, நான்கையும் போல்ட் போட்டுச் செவ்வகமாக்குங்கள். மூலைகளில் முக்கோணத் தகடு வைத்தால் கோணம் விலகாது. உள் அகலம் பலகையைவிட இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். ஆங்கிளில் ஏற்கெனவே ஓட்டைகள் இருப்பதால் குறுக்குச் சட்டத்தை நகர்த்தி எந்த நீளத்துக்கும் மாற்றிக்கொள்ளலாம். சில இயந்திரங்களில் பலகையின் பின் முனையில் ஒரு நிமிர்ந்த பின்பலகை பூட்டியிருக்கும், அதற்கும் இடம் வேண்டும். சட்டத்தை இரு முனையிலும் தாங்கும் தூண்களுக்கு இடையே 150 சென்டிமீட்டர் இருந்தால் நெருக்கடி வராது.

பலகையைச் சட்டத்தில் நிறுத்தும்போது மேலும் கீழுமாக இரண்டு பக்கமும் அணைத்துப் பிடிக்கவேண்டும், கவிழ்க்கப் போகிறோம் அல்லவா. முன் முனையில் ஏப்ரன் என்ற தகடு மூடும் பகுதி இருக்கிறது, அங்கே பிடித்தால் தடம் விழுந்தாலும் வெளியே தெரியாது. பின் முனையிலும் பந்து போகாத ஓரமாகப் பார்த்துப் பிடியுங்கள். கட்டையில் தடித்த ஃபெல்ட் ஒட்டி, அதற்கு மேல் தகடு வைத்து, போல்ட் போட்டு இறுக்குங்கள். சி-கிளாம்ப் தற்காலிகத்துக்குச் சரி, திருப்பித் திருப்பிப் பார்க்கையில் தளரும். பலகையைப் பெட்டியில் தாங்கும் கொக்கித் தகடுகளுக்கான பழைய ஓட்டைகளைத் துணைக்குப் பயன்படுத்தலாம். ஆனால் பழைய பிளைவுட்டில் மர ஸ்குரூவை மட்டும் நம்பி முழு எடையையும் தொங்கவிடக் கூடாது. புது ஓட்டை மட்டும் போடவே போடாதீர்கள். நீள ஓரங்களில் பெரும்பாலான இயந்திரங்களில் விளிம்பை ஒட்டிச் சிறிது இடம் பாகம் எதுவும் இல்லாமல் இருக்கும். அங்கே பக்கத்துக்கு இரண்டு சின்னத் தாங்கிகள் வைத்தால் நடுவில் தொய்யாது. கடைசியாகத் துணிப்பட்டை இரண்டைக் குறுக்கே கட்டிவிடுங்கள். பிடி எல்லாம் விட்டுப்போனாலும் பலகை தரைக்குப் போகாது.

அச்சுக்கு முக்கால் அங்குலப் பைப்பும், அதைத் தகட்டோடு பூட்டும் வட்ட அடியான ஃபிளேஞ்சும் தாராளமாகப் போதும். இதில் ஒரு பொறி இருக்கிறது. ஃபிளேஞ்சில் பைப் மரையில் ஏறுகிறது. அந்த மரையிலேயே சுழல விட்டால், ஒரு பக்கம் திருப்பும்போது ஒரு முனை இறுகும், எதிர் முனை கழன்றுகொண்டே வரும். ஒரே திசையில் சில சுற்றுப் போனால் பைப் வெளியே வந்துவிடும். மரையில் சுழற்சி நடக்கவே கூடாது. பைப்பை ஃபிளேஞ்சில் முழுக்க இறுக்கி, இரண்டையும் சேர்த்துக் குறுக்கே துளையிட்டு ஒரு போல்ட் போட்டுப் பூட்டிவிடுங்கள். பைப் சுழல்வது தூணில் இட்ட துளையில் இருக்கட்டும். டூ-பை-ஃபோர் உண்மையில் 38 மில்லிமீட்டர் தடிமன்தான், இரண்டைச் சேர்த்து ஒட்டித் துளையிட்டால் நல்ல தாங்குமுகம் கிடைக்கும். பேரிங் தேவையில்லை. மெதுவாக, எப்போதாவது திருப்பும் வேலைக்கு மரத்தின் உராய்வு நமக்கு உதவிதான், கொஞ்சம் மெழுகு தேய்த்தால் போதும். பைப் முனையில் காலர் (இறுக்கும் வளையம்) போட்டு நழுவாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மரவேலை வராது என்றால் கார் எஞ்சினை மாட்டும் ஸ்டாண்டு இரண்டை எதிரெதிரே வைத்துச் செய்யலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். சுழலும் தலை, துளை, பூட்டும் முள் எல்லாம் தயாராக இருக்கும், எடையைப் பற்றிக் கவலையே இல்லை. ஒன்று மட்டும் பார்த்து வாங்குங்கள். சில ஸ்டாண்டுகளில் எஞ்சின் எடை ஏறியதும் நேராகட்டும் என்று தலையை லேசாக மேல்நோக்கிச் சாய்த்திருப்பார்கள். நம் பலகையின் எடைக்கு அது வளையாது. அப்படி இரண்டு எதிரெதிரே நின்றால் அச்சுகள் ஒரே கோட்டில் வராமல், சுழலும்போது சட்டத்தைப் பிடித்து வளைக்கும். அடியில் ஆப்பு வைத்து நேராக்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

பூட்டு எப்படி இருக்கவேண்டும் என்றால், பிளைவுட்டில் 30 சென்டிமீட்டர் விட்டத்தில் ஒரு வட்டம் வெட்டிச் சட்டத்தின் பக்கம் பூட்டி, மையத்திலிருந்து 12 சென்டிமீட்டர் தள்ளி 15 பாகைக்கு ஒரு துளையாக 24 துளை போடுங்கள். தூணில் ஒரு துளை, இரண்டையும் சேர்த்துச் செருக 10 மில்லிமீட்டர் இரும்பு முள். வட்டம் ஏன் பெரிதாக வேண்டும் என்றால், முள்ளுக்கும் துளைக்கும் அரை மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால்கூட பலகையின் ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர்தான் ஆடும். அதே துளை மையத்திலிருந்து 3 சென்டிமீட்டரில் இருந்தால் ஆட்டம் 4 மில்லிமீட்டருக்கு மேல். தேய்ந்த ஓவியத்தில் நுண்ணிய தூரிகையால் கறுப்புக் கோடு போடும்போது அந்த ஆட்டம் பொறுக்கமுடியாது. கைப்பிடி ஸ்குரூவை இறுக்கி உராய்வால் நிறுத்தும் பூட்டை மட்டும் வைத்துக்கொண்டு வேலை செய்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், முள் கட்டாயம்.

அச்சின் உயரம், நின்று வேலை செய்ய ஒரு மீட்டர், உட்கார்ந்து செய்ய 85 சென்டிமீட்டர் அளவில். அடிக்கால் நீளம் குறைந்தது 75 சென்டிமீட்டர். ஸ்டாண்டும் பலகையும் சேர்ந்து 43 கிலோ என்று வைத்துக்கொண்டால், ஒரு மீட்டர் உயரத்தில் 10 கிலோ தள்ளுக்கு 50 சென்டிமீட்டர் கால் மயிரிழையில்தான் தாக்குப்பிடிக்கும், 75 சென்டிமீட்டர் கால் தாராளமாக நிற்கும். இரண்டு தூண்களையும் தரைக்குச் சற்று மேலே ஒரு குறுக்குக் கட்டை இணைக்கவேண்டும். சக்கரம் வைத்தால் பூட்டுள்ளதாக வையுங்கள்.

முதல் முறை கவிழ்ப்பதற்கு முன் பந்துகளை எடுத்துவிட்டீர்களா என்று பாருங்கள். ஃபயர்பவர் மூன்று பந்து ஆட்டம், பந்துகள் திரும்பி வந்து சேரும் வாய்க்காலில் மட்டும் இல்லாமல் பந்தைப் பிடித்துவைக்கும் குழிகளிலும் தேடுங்கள். ஒரு பந்து 27 மில்லிமீட்டர் விட்டம், 80 கிராம் எஃகு. கவிழும்போது உருண்டால் நாற்பது வருடப் பிளாஸ்டிக் தாங்காது.

திருப்பியபின் சால்டர் வேலைக்குப் பலகையை முழுக்கக் கவிழ்ப்பதைவிட, செங்குத்துக்குச் சற்று முன்னால் நிறுத்துவது நல்லது. பெட்டிக்குள் குனிந்து பார்க்கையில் உருகிய ஈயம் முகத்தை நோக்கி வரும், இங்கே அது தரைக்குப் போகும். ஓவியம் தொடும்போது உங்கள் பக்கம் 15 அல்லது 30 பாகை சாய்வு கைக்கு இதமாக இருக்கும். ஆல்கஹால் தொட்டுச் சுத்தம் செய்யும்போது மட்டும் கிடையாகவே வையுங்கள், சாய்வில் வழிந்து, பலகையில் பதித்த பிளாஸ்டிக் விளக்கு மூடிகளான இன்செர்ட்களின் விளிம்புக்குள் இறங்கும்.

இந்த ஸ்டாண்டில் செய்யக்கூடாத வேலைகளும் இருக்கின்றன. டீ-நட் (மரத்தில் அடித்துப் பதிக்கும் நட்) அடிப்பது, இறங்கிய இன்செர்ட்டை அழுத்திச் சமப்படுத்துவது இரண்டுக்கும் அடியில் கெட்டியான சமதளம் வேண்டும். தொங்கும் பலகையில் சுத்தியலை வைக்காதீர்கள். மேல்பூச்சு காயும்போதும் பலகை மட்டம் பார்த்த மேசையில் கிடக்கட்டும். இரண்டு பாகம் கலந்து அடிக்கும் யூரித்தேன் பூச்சைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: அதில் ஐசோசயனேட் இருக்கிறது, மூச்சில் போனால் நிரந்தர ஆஸ்துமா வரலாம். வெளிக்காற்றைக் குழாய் மூலம் தரும் முகமூடி இல்லாமல் வீட்டு கராஜில் அதைத் தெளிக்கவே கூடாது. என் பலகைகளுக்கு அந்தப் பூச்சை நான் கார் பெயின்ட் அடிப்பவரிடம்தான் கொடுக்கிறேன், தெளிக்கும் முறை பற்றிக் கேட்டால் அவரைப் போன்றவர்தான் சரியான ஆள்.

மாதக்கணக்கில் ஸ்டாண்டிலேயே விட்டுவைத்தால் பலகை வளையுமா என்பதில் ஆளுக்கு ஆள் அனுபவம் மாறுகிறது. ஈரமான நிலவறையில் வைத்தவர்களும் உலர்ந்த அறையில் வைத்தவர்களும் ஒரே பதில் சொல்வதில்லை. ஓரத் தாங்கிகள் இருந்தால் வேலை நடக்கும் சில வாரங்களுக்குப் பயமில்லை என்பது என் கணிப்பு. நீண்ட நாள் நிறுத்தப்போகிறீர்கள் என்றால் இறக்கிச் சமதளத்தில் வைத்துவிடுங்கள்.

செய்து முடித்ததும் உங்கள் பலகையை உடனே ஏற்றாதீர்கள். அதே அளவில் சாதாரண பிளைவுட் ஒன்றை வெட்டி, அடியில் 25 கிலோ மணல் மூட்டைகளை இறுகக் கட்டி, சட்டத்தில் பூட்டி எல்லாக் கோணத்திலும் நிறுத்திப் பாருங்கள். கவிழ்ந்த நிலையில் ஓர் இரவு விட்டுவிட்டு, காலையில் ஒவ்வொரு போல்ட்டையும் ஸ்பேனர் வைத்துத் தொட்டுப் பாருங்கள். எதுவும் தளராவிட்டால் அப்புறம் ஃபயர்பவரை ஏற்றலாம். ஏற்றும்போது கூட ஓர் ஆள் வேண்டும். ஒருவர் பலகையை இரு கையாலும் தாங்க, மற்றவர் போல்ட் இறுக்கட்டும்.